காற்றில் முறை வைத்தல்

வயரில் 94, வைஃபையில் 7. ஐயப்பன்தாங்கலில் எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எடுத்த அளவுகள் இவை. இரண்டும் நொடிக்கு மெகாபிட் கணக்கு. முந்தின நாள் வரை இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தன. நடுவில் நடந்தது ஒன்றே ஒன்று: வீட்டில் அக்செஸ் பாயிண்டாக ஓடும் சின்னக் கணினியின் இயங்குதளத்தை அடுத்த பதிப்புக்கு ஏற்றியிருந்தேன்.

அது கடையில் வாங்கிய ரூட்டர் இல்லை. ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் இரண்டு ரேடியோ அட்டைகள், மேலே ஒரு திறமூல இயங்குதளம். ஒரு ரேடியோ 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசும், இன்னொன்று 5 கிகாஹெர்ட்ஸில் பேசும். இரண்டுக்கும் ஒரே பெயர்.

வைஃபை இழுத்தால் நாம் வழக்கமாகச் செய்கிற காரியங்கள் மூன்று. பெட்டியை அணைத்துப் போடுவோம், இணையம் தருகிறவரைத் திட்டுவோம், போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போவோம். இந்தத் தடவை மூன்றுக்கும் வேலையில்லை. வயரில் 94 வருகிறதென்றால் தெருவிலிருந்து வரும் இணைப்பில் குறை இல்லை. பெட்டியிலிருந்து ஓரடி தள்ளி உட்கார்ந்தாலும் அதே 7தான் என்றால் சுவர்கள்மேல் பழி போட முடியாது. மிச்சமிருப்பது பெட்டிக்கும் போனுக்கும் நடுவிலுள்ள ஓரடிக் காற்று.

பெட்டியின் பதிவுகளைப் புரட்டியதும் விஷயம் தெரிந்தது. 5 கிகா ரேடியோ வாயே திறக்கவில்லை. பெயர் ஒன்றே என்பதால் வீட்டிலுள்ள கருவிகளெல்லாம் சத்தமில்லாமல் 2.4க்குக் குடிபெயர்ந்துவிட்டன. காரணம் ஒரே வரியில் இருந்தது: நாடு, 00. புதிய பதிப்பு நாட்டுக் குறியீட்டை வேறொரு கோப்பில் தேடுகிறது. பழைய கோப்பிலிருந்த ‘ஐஎன்’ என்ற இரண்டு எழுத்தை அது படிக்கவேயில்லை. தான் இந்தியாவில் இருப்பது தெரியாமல் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. எழுத்துகளைப் புதிய இடத்தில் சேர்த்தேன், வேகம் திரும்பியது.

பத்து நிமிட வேலைதான். ஆனால் அதற்குப் பிறகு ஒரு கேள்வி விடாமல் நச்சரித்தது. ஒரு வைஃபை பெட்டிக்கு எதற்கு நாடு? கால்குலேட்டருக்கு நாடு இல்லை, கீபோர்டுக்கு நாடு இல்லை. இதற்கு மட்டும் ஏன் குடியுரிமை?

*

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். ரேடியோ லைசென்ஸ் என்று ஒன்று இருந்ததைச் சொல்வார்கள். பாட்டும் செய்தியும் கேட்பதற்கு ஒரு ரேடியோ வைத்திருந்தால், தபால் நிலையத்தில் வருஷா வருஷம் பணம் கட்டி, கையடக்கப் புத்தகத்தில் ஸ்டாம்ப் ஒட்டிக்கொள்ள வேண்டும். எண்பதுகளின் நடுப்பகுதி வரை இந்த வழக்கம் நீடித்தது. இதற்கு வேர் 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்திலும், 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டத்திலும் இருக்கிறது. அனுமதியில்லாமல் கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதே குற்றம் என்றது 1933ஆம் ஆண்டுச் சட்டம். வைத்திருந்தாலே குற்றம், பேச வேண்டும் என்பதுகூட இல்லை. வெள்ளைக்கார அரசு காற்றைப் பார்த்து எவ்வளவு பயந்தது என்பதற்கு இந்த ஒரு வரி போதும். சுதந்திர இந்தியாவும் அந்தச் சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டது. அந்த இரண்டு சட்டங்களின் இடத்துக்கு வந்த புதிய தொலைத்தொடர்புச் சட்டம் 2023இல்தான் இயற்றப்பட்டது.

அந்தக் கணக்குப்படி பார்த்தால் இன்று ஐயப்பன்தாங்கலில் ஒவ்வொரு ஃபிளாட்டும் ஒரு குற்றக் கூடாரம். ரேடியோவாவது கேட்கும் கருவி மட்டும்தான். வைஃபை பெட்டியோ கேட்கவும் செய்கிறது, பேசவும் செய்கிறது. ஒரு வீட்டில் அப்படிப் பேசுபவை ஏழெட்டுத் தேறும். எந்தத் தபால் நிலையத்திலும் நாம் ஸ்டாம்ப் ஒட்டவில்லை. இது எப்படி நடந்தது?

தொடக்கம் அமெரிக்காவில். அலைவரிசைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்சிசி என்ற அமைப்பில் மைக்கேல் மார்கஸ் என்ற பொறியாளர் இருந்தார். 2.4 கிகாவை ஒட்டிய பட்டை அப்போது அலைவரிசைகளின் குப்பைத்தொட்டி. மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாவில்தான் வேலை செய்கிறது. அந்த இரைச்சலுக்கு நடுவே ஒழுங்கான சேவை நடத்த யாரும் விரும்பவில்லை. யாருக்கும் வேண்டாத இந்த இடத்தை, சக்தி வரம்பு ஒன்றை வைத்துவிட்டு, உரிமம் இல்லாமல் எல்லோருக்கும் விட்டுவிடலாமே என்று மார்கஸ் வாதாடினார். எதிர்ப்பு இருந்தது. ஆனாலும் 1985 மே 9 அன்று எஃப்சிசி மூன்று பட்டைகளைத் திறந்துவிட்டது. அப்போது வைஃபை என்ற சொல்லே கிடையாது. 802.11 என்ற தரம் 1997இல் வந்தது, அதன் வேகம் 1 அல்லது 2 மெகாபிட். 1999இல் அது 11 ஆனது, சந்தைக்காக வைஃபை என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. முதலில் நிலத்தைப் பொதுவாக்கினார்கள், பயிர் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் முளைத்தது.

நம் ஊரில் அந்த நாள் 2005 ஜனவரி 28. மத்திய அரசிதழில் வந்த விதிகள் 2.4 முதல் 2.4835 கிகா வரையுள்ள பட்டையில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்றன. ஆன்டெனாவின் பெருக்கலையும் சேர்த்து 4 வாட் உச்சவரம்பு. 5 கிகாவில் சில பகுதிகளையும் திறந்தார்கள், ஆனால் கட்டடத்துக்குள் மட்டும். 2018 அக்டோபரில்தான் 5 கிகா பட்டையில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ், உள்ளும் வெளியும், உரிமத்திலிருந்து விடுபட்டது. முன்பிருந்த 2.4 பட்டையின் அகலம் வெறும் 83.5 மெகாஹெர்ட்ஸ். ஏழு மடங்குக்கும் அதிகமான நிலம்! என் பெட்டியின் 5 கிகா ரேடியோ அன்று வாய்திறக்காததால் நான் இழந்தது இந்த நிலத்தைத்தான்.

இந்தப் பரிசோடு ஒரு நிபந்தனையும் வந்தது. நீங்கள் யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது, உங்களை யாராவது தொந்தரவு செய்தால் பாதுகாப்பும் கேட்கக்கூடாது. எதிர்வீட்டுப் பெட்டி உங்கள் சேனலில் வந்து உட்கார்ந்தால் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்க முடியாது. இது பட்டா நிலம் இல்லை, புறம்போக்கு.

*

இப்போது 00 என்ற நாட்டுக்கு வருவோம்.

லினக்ஸ் உலகில் நாடுவாரியான அலைவரிசை விதிகளுக்கென்று ஒரு தரவுத்தளம் இருக்கிறது. மனிதர்கள் படிக்கக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்பு அது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பத்தி: எந்தப் பட்டை, எவ்வளவு அகலம், எவ்வளவு சக்தி. நம் அரசிதழில் ஒரு விதி மாறினால், யாரோ ஒருவர் மெனக்கெட்டு அதைப் படித்து, இந்தப் பத்தியில் ஏற்ற வேண்டும். 00 என்பது எந்த நாடும் இல்லை. நாடு தெரியாதபோது கடைப்பிடிக்க வேண்டிய, எல்லா நாட்டுக்கும் பங்கமில்லாத, மிக அடக்கமான விதித்தொகுப்பு. 5 கிகாவில் அதன் கட்டளை ஏறக்குறைய இது: காதைத் திறந்து வை, நீயாகப் பேச்சைத் தொடங்காதே. புது ஊரில் முதல்நாள் சம்பந்தி வீட்டுக்குப் போனவர் மாதிரி. அக்செஸ் பாயிண்டின் வேலையே பேச்சைத் தொடங்குவதுதான். அதனால் அது எழுந்திருக்கவேயில்லை.

இந்த அடக்கம் வீண் பயம் இல்லை. 5 கிகா பட்டையில் நமக்கு முன்னாலேயே குடியிருப்பவை ரேடார்கள். 2009இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலையத்தில், விமானங்களுக்கு ஆபத்தான காற்று மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் வானிலை ரேடாரின் திரையில் வைஃபை வகைக் கருவிகளின் குறுக்கீடு விழுந்தது. இதற்காகவே சில சேனல்களில் பெட்டி முதலில் ஒரு முழு நிமிடம் மௌனமாக ரேடார் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும் என்று விதி இருக்கிறது. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களின் சத்தம் பழகிப்போன எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் விதியை எப்படி அமலாக்குவது என்பதில்தான் சிக்கல். நாட்டுக் குறியீட்டைப் பயனர் மாற்ற முடிந்தால், அதிக சக்தி அனுமதிக்கும் நாட்டைத் தேர்ந்தெடுத்து வரம்பை மீற முடியும். எஃப்சிசி இதைத் தடுக்கப் பெட்டிகளைப் பாதுகாக்கும்படி தயாரிப்பாளர்களிடம் கேட்டது. அதற்கு எளிய வழி மொத்தப் பெட்டியையும் பூட்டுவது. வேறு இயங்குதளமே ஏற்ற முடியாதபடி பூட்டிவிட்டால் வேலை முடிந்தது. டிபி-லிங்க் நிறுவனம் தன் ரூட்டர்களில் அப்படிச் செய்தது. 2016 ஆகஸ்டில் எஃப்சிசியுடன் அது செய்துகொண்ட உடன்பாடு விசித்திரமானது. குறியீட்டை மாற்றிச் சக்தியைக் கூட்ட இடம் கொடுத்ததற்காக 2 லட்சம் டாலர் கட்ட வேண்டும். கூடவே, வெளியார் எழுதும் திறமூல மென்பொருளை ரூட்டர்களில் ஏற்ற வழிசெய்ய அந்தச் சமூகத்தோடு சேர்ந்து வேலை செய்யவும் வேண்டும். சக்தி வரம்பைக் காப்பது ஒன்று, பெட்டியைப் பூட்டுவது வேறொன்று என்று ஒழுங்குமுறை அமைப்பே பிரித்துச் சொன்ன தருணம் அது.

எனக்கு இந்த வேறுபாடு முக்கியம். பூட்டிய பெட்டியில் இயங்குதளம் மாறி வேகம் விழுந்தால், பதிவுகளும் தெரியாது, 00உம் தெரியாது. புதுப்பெட்டி வாங்குங்கள் என்பார்கள். நாமும் வாங்குவோம்.

*

குறை சரியான பிறகும் ஒரு விஷயம் உறுத்தியது. 2.4 பழைய பட்டைதான், சரி. அதற்காக ஓரடி தூரத்தில் 7 மெகாபிட்தானா?

பதிலுக்கு, காற்றில் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். வைஃபையின் பாட்டி 1971இல் ஹவாய்த் தீவுகளில் பிறந்தது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் குழு கட்டிய அலோஹாநெட்டில் விதி எளிது: தோன்றும்போது பேசு, மோதிக்கொண்டால் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் பேசு. வைஃபை இதில் மரியாதை சேர்த்தது. பேசும்முன் காதுகொடு, காற்று சும்மா இருந்தால் மட்டும் பேசு. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் எதிர்த்தரப்பு ‘கிடைத்தது’ என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப அனுப்பு. அதிகாரி இல்லை, டோக்கன் இல்லை. ஆனால் எல்லோருக்கும் சராசரியாகச் சமமான முறை கிடைக்கும்.

அந்தச் சமத்துவத்தில்தான் ஓட்டை. 2003இல் பிரான்சின் கிரனோபிள் நகர ஆய்வாளர்கள் அதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு முறை என்பது நியாயம்தான். ஆனால் முன்னால் நிற்பவர் பையைத் தேடி, கார்டைத் தேடி, சில்லறையை எண்ணிப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டால், ஒரு நிமிடத்தில் முடிக்கக்கூடியவரும் அவர் வேகத்துக்கு இறங்கிவிடுகிறார். 11 மெகாபிட்டில் பேசக்கூடிய ஒரு கருவியோடு, தூரத்தில் 1 மெகாபிட்டில் முனகும் இன்னொரு கருவி சேர்ந்தால், இருவருக்குமே 1க்கும் குறைவாகத்தான் கிடைக்கும். எங்கள் 2.4 பட்டையில் ஒரு பழைய டேப்லெட் இருந்தது. ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அங்கே 1, 6, 11 என்று மூன்றுதான். சுற்றியுள்ள அத்தனை ஃபிளாட்டும் அந்த மூன்றுக்குள் நெரிகிறது. 7 வந்ததே பெரிசு.

இதற்கு மருந்து 2017இல் வந்தது. ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோக்கே ஹொய்லண்ட்-யோர்கன்சனும் கூட்டாளிகளும் பொட்டலக் கணக்கை விட்டுவிட்டு நேரக் கணக்குக்கு மாறினார்கள். ஆளுக்கு இத்தனை பொட்டலம் இல்லை, ஆளுக்கு இத்தனை நேரம். லினக்ஸ் டிரைவரில் அதைச் செய்துகாட்டினார்கள். அட்டை அதே அட்டை, மாறியது மென்பொருள்.

இதைப் படித்தபோது எங்கள் ஊர்ப் பெயர் ஞாபகம் வந்தது. தாங்கல் என்றால் சின்ன ஏரி. சென்னையைச் சுற்றி ஏரியும் தாங்கலுமாகக் கிடந்த பிரதேசம் இது. ஏரிப் பாசனத்தில் தண்ணீர் குறைந்தால் முறை வைப்பார்கள். இன்னார் வயலுக்கு இத்தனை நாழிகை, பிறகு அடுத்த மடை. அளந்தது தண்ணீரை இல்லை, நேரத்தை. பொதுவான ஒன்றைப் பலர் பங்குபோட வேண்டியபோது நேரம்தான் நேர்மையான படி என்பதை நீர்க்கட்டிகள் எப்போதோ கண்டுகொண்டார்கள்.

*

முறை வைப்பது பற்றிய பெரிய பாடம் ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது, தேனியில்.

1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியில் ஒரு கிளை உண்டு. சுற்றுப்பட்டு ஊர்களில் சின்னச் சின்னப் பார்வை மையங்களை அமைத்தார்கள். அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார், தேனியிலுள்ள மருத்துவர் வீடியோவில் நோயாளியோடு பேசுவார். அறுவை சிகிச்சை தேவைப்படுபவர் மட்டும் பஸ் ஏறினால் போதும். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வர முடியாதவர்களுக்கு இது பார்வைக்கும் பார்வையிழப்புக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் வீடியோவுக்கு இணைப்பு வேண்டும், அந்த ஊர்களில் அப்போது அகலப்பட்டை இல்லை.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையிலான குழு அரவிந்தோடு சேர்ந்து வைஃபையாலேயே அதைக் கட்டியது. கோபுரம், ஒரே திசையைப் பார்க்கும் ஆன்டெனா, விலை குறைந்த வைஃபை அட்டை, லினக்ஸ். சில கிலோமீட்டரிலிருந்து பத்துக்கு மேல் வரை நீளும் இணைப்புகள். 2005இன் விலக்கு இல்லையென்றால் ஒவ்வொரு கோபுரத்துக்கும் உரிமத்துக்காக டெல்லிக்கு அலைய வேண்டியிருந்திருக்கும்.

ஆனால் இந்த மாதிரி தூரங்களில் சாதாரண வைஃபை தடுமாறும், ஆன்டெனா எவ்வளவு நல்லதாக இருந்தாலும். காரணம் அந்த மரியாதை விதிகள்தான். ஒளியின் வேகத்தில் போனாலும் ஒரு கிலோமீட்டருக்கு 3.3 மைக்ரோநொடி ஆகும். 10 கிலோமீட்டர் போய்ப் பதில் திரும்ப 67 மைக்ரோநொடி. வைஃபையின் பொறுமை வீட்டு அளவில் வடிவமைக்கப்பட்டது. ‘கிடைத்தது’ என்ற பதில் வழியில் வந்துகொண்டிருக்கும்போதே, கிடைக்கவில்லை போல என்று முடிவுகட்டித் திரும்ப அனுப்பிவிடும். பேசும்முன் காதுகொடு என்ற விதியும் அங்கே செல்லாது, ஏனென்றால் மறுமுனையில் பேசுவது இங்கே கேட்கும்போது அது பழைய செய்தி.

கான்பூர் ஐஐடியில் பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும் கங்கைச் சமவெளிக் கிராமங்களை இணைக்கும்போது இதே சுவரில் முட்டினார்கள். 2005இல் அவர்கள் முன்வைத்த வழி: ஒரு கோபுரத்திலுள்ள ஆன்டெனாக்கள் எல்லாம் சேர்ந்து பேசட்டும், பிறகு எல்லாம் சேர்ந்து கேட்கட்டும். பெர்க்லி குழு அந்த யோசனையை வளர்த்து, ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பதில் கேட்பதை விட்டு மொத்தமாகப் பதில் சொல்லும் முறையைச் சேர்த்தது. வைல்ட்நெட் என்ற அந்த வடிவத்தை 2007இல் வெளியிட்டபோது, சாதாரண வைஃபையின் சிறந்த நிலையைவிட 2 முதல் 5 மடங்கு வேகம் என்று காட்டினார்கள். அதே அட்டை, அதே ஆன்டெனா. காதுகொடுத்துப் பேசுவதை விட்டு, முறை வைத்துப் பேசினார்கள். நீர்க்கட்டி செய்ததேதான். டிரைவருக்குள் கைவைக்க முடிந்ததால்தான் இது சாத்தியமானது.

கதை இங்கே முடிந்தால் அது வெற்றிக்கதை. அதே குழுவினர் 2008இல் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். கிராமப்புற வலையமைப்புகளை உயிரோடு வைத்திருப்பது பற்றி. அதில் வேகம் பின்னுக்குப் போய்விடுகிறது. தேனியிலும் இமாச்சலத்தின் தர்மசாலாவிலும் பெட்டிகளை அதிகம் படுத்தியது மின்சாரம். திடீரென எகிறும் வோல்டேஜ், அல்லது பெட்டியை முழுசாக அணைக்காமலும் ஓடவிடாமலும் பாதி மயக்கத்தில் நிறுத்தும் குறைந்த வோல்டேஜ். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாமே ஒன்றுதான்: லிங்க் போச்சு. வோல்டேஜ் விழுந்தால் பெட்டியைச் சுத்தமாகத் துண்டிக்கும் சின்னச் சுற்றுகளைச் சேர்த்தார்கள். அதைவிட முக்கியமாக, எங்கே என்ன கெட்டிருக்கிறது என்று உள்ளூர்ப் பணியாளரே கண்டுபிடிக்கும்படி கருவிகளும் பயிற்சியும் தேவை என்று எழுதினார்கள். பெர்க்லியிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஆள் வர முடியாது.

வைஃபை வேகம் என்று பெட்டியின் அட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணை நான் இப்போது நம்புவதில்லை. அந்த எண்ணுக்கு அடியில் ஓர் அரசிதழ் இருக்கிறது, முறை வைக்கும் ஒரு விதி இருக்கிறது, அதை அமலாக்கும் டிரைவர் இருக்கிறது, கடைசியில் கரண்டும் இருக்கிறது. இயங்குதளம் மாறும்போது இவற்றில் ஏதோ ஒன்று நமக்குத் தெரியாமல் நகர்கிறது. எது நகர்ந்தது என்று கண்டுபிடிக்க மேதை வேண்டாம். திறந்து பார்க்கக்கூடிய பெட்டியும், பக்கத்தில் பொறுமையுள்ள ஓர் ஆளும் வேண்டும். தேனியில் ஒரு பாட்டியின் கண்ணில் புரை இருக்கிறதா என்று மருத்துவர் திரையில் பார்க்கும் நேரத்தில் லிங்க் இழுத்தால், அதைச் சரிசெய்பவர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.